பழைய லாரி ஓடாத நாட்கள்

மக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் புறப்பட்டுப் போனதும், அம்மா காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போன நேரம் பார்த்து, நீ என் பக்கம் திரும்பிக் கேட்டாய். "அப்பா, புது வண்டி எடுக்கவா, வேண்டாமா? நீங்க கணக்குப் பாத்துச் சொல்லுங்க. நீங்க சொல்லுகதுதான் முடிவு." இருபத்தொன்பது வயது மகன் அப்பாவிடம் இப்படிக் கேட்டால் எந்த அப்பாவுக்கும் தலை கொஞ்சம் கனக்கத்தான் செய்யும். எனக்கும் கனத்தது. சாலைக் கம்போளத்துச் சந்தையில் ஒரே மொத்தக் கடையில் இத்தனை வருஷம் கணக்கெழுதினவனுக்கு ஒரு லாரிக் கணக்கு என்ன பெரிய வேலை, நாளைக்கே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இன்றைக்கு ஐந்தாவது நாள். பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு விஷயமும் வந்து ஒட்டிக்கொண்டது. அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை. அதனால் இந்தக் கடிதம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன் என்று சிரிக்காதே. சிரித்தாலும் முழுவதும் படித்துவிட்டுச் சிரி.

முதலில் உனக்கு மாமனாராக வரப்போகிறவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் சொன்னதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. நாகர்கோவிலில் நாலு பேர் மதிக்க வாழ்கிறவர், மகளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவர். "முன்பணம் நான் கெட்டுகேன். பாக்கிய மாப்பிள்ள மாசாமாசம் டியூ கெட்டிக்கிடட்டும். பழைய வண்டிய ஓட்டிட்டுத் திரிஞ்சா நாலு பேரு என்ன நெனப்பாங்க? ஒரு மதிப்பு வேணுமில்லா?" என்று அவர் கேட்டபோது, நான் மூன்று வருஷமாக உன்னிடம் கத்திக்கொண்டிருந்ததை அவர் மரியாதையாகச் சொல்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் கூட வந்தது. ஆக, என் கட்சிக்கு ஆள் சேர்ந்துவிட்டது.

நீ அந்த லாரியைக் கொண்டுவந்து நம் ஆரியசாலை வீட்டு வாசலில் நிறுத்திய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நெடுமங்காட்டில் யாரோ செங்கல் லோடு அடித்துக்கொண்டிருந்த மினி லாரி. மேலே நீலப் பெயின்ட், உரிந்த இடத்தில் மஞ்சள், அதற்கும் கீழே துரு. இடது பக்கக் கதவு உள்ளேயிருந்து மட்டும்தான் திறக்கும். ஒன்றே முக்கால் லட்சம் கொடுத்தேன் என்று நீ பெருமையாகச் சொன்னாய். பழைய இரும்பாக உடைக்க ஆக்கிரிக்கடைக்குப் போய்க்கொண்டிருந்த வண்டியை வழியில் மறித்து வாங்கி வந்தாயா என்று நான் கேட்டேன். தெருவே சிரித்தது. நீயும் சிரித்தாய். அதுதான் உன் குணம். மறுநாள் காலையில் அதே வண்டியில் அரிசியும் சவாளா வெங்காயமும் சோப்பும் ஏற்றிக்கொண்டு வித்துராவுக்குப் போனாய். அங்குள்ள கடைகளுக்குப் பாதியை இறக்கிவிட்டு, மீதியைப் பொன்முடி மேலே எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் இருக்கிற சின்னச் சின்னக் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாய். திரும்பும்போது மிளகும் வாழைக்குலையும் ஏற்றிக்கொண்டு வந்தாய். திங்களும் வியாழனும், இன்றுவரைக்கும் அதுதான் உன் வழி.

அது ஒரு காலத்தில் என் வழியும் கூட. நீ இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தபோது நான் கணக்கு வேலையை விட்டுவிட்டு இதே வியாபாரத்தைத்தான் செய்து பார்த்தேன். ஆனால் என் வண்டி புத்தம் புதுசு. டியூ போட்டு எடுத்த டெம்போ. இரண்டே வருஷத்தில் அதை விற்றுவிட்டுப் பழைய மேஜைக்கே திரும்பி வந்தேன். ஏன் விற்றேன் என்று வீட்டில் ஒரு கதை உண்டு, உனக்குத் தெரியும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீ மலையேறுகிற நாட்களில் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நான் போன் பண்ணுவேன். "டீசல் எவ்வளவு போட்டே?" இதைத் தவிர வேறு கேள்வி கிடையாது. நீயும் இத்தனை லிட்டர் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். கணக்குப்பிள்ளைக்கு ஓய்வு கொடுத்தாலும் கணக்கு அவரை விடாது என்று நீ உன் சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரித்ததை நான் கேட்டிருக்கிறேன். நான் திருத்தவில்லை. டீசல் எவ்வளவு போனால் எனக்கென்ன? ஐந்தரை மணி என்பது நீ வளைவுகளெல்லாம் இறங்கிக் கல்லாறு தாண்டுகிற நேரம். உன் குரல் வந்தால் நீ கீழே வந்துவிட்டாய் என்று அர்த்தம். பயமாக இருக்கிறது என்று சொல்ல வெட்கப்பட்டு நான் டீசலைக் கேட்டேன். பழைய வண்டியால் காசு நஷ்டம் என்று நான் போட்ட சண்டைகளிலும் பாதி இந்த வகைதான். காசைப் பற்றிப் பேசினால் ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் சத்தம் போட்டுப் பேசலாம். பயத்தைப் பற்றிப் பேச நமக்குப் பழக்கமில்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். நீ மேஜை மேல் வைத்துவிட்டுப் போன நோட்டுகளை எடுத்து, ஒரு பக்கம் உன் பழைய லாரி, இன்னொரு பக்கம் மூன்று வருஷத்துக்கு முன்பே புது லாரி எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதிக்கொண்டே போனேன். கிளட்ச் இரண்டு தடவை, ரேடியேட்டர், இன்ஜின் வேலை ஒரு பெரிய தடவை, வருஷா வருஷம் ஃபிட்னஸ் சோதனைக்கு முன்னால் தகரமும் பெயின்டும். டீசலும் அது புது வண்டியை விடக் கொஞ்சம் கூடத்தான் குடிக்கிறது. புது வண்டிக்கு டியூவும் பெரிய இன்சூரன்ஸும் வருகிறது, ஆனால் கடைசியில் விற்றால் ஒரு விலையும் கிடைக்கும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் பழைய வண்டியால் உனக்கு மிச்சம் மூன்று வருஷத்துக்கு எண்பதாயிரம் ரூபாய். மாதத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். அதற்கு மேல், வண்டி ஓடாமல் கிடந்த நாட்களை எண்ணினேன். உன் நோட்டில் தேதி மட்டும் இருந்து, எதிரில் ஒன்றும் எழுதாமல் விட்ட திங்கள்களும் வியாழன்களும் முப்பத்தெட்டு. அந்த நாட்களில் போன வருமானத்தையும் நஷ்டத்தில் எழுதினால் எண்பதாயிரமும் கரைந்து, கையைவிட்டும் போகிறது. நான் பேனாவை மூடினேன். புது வண்டி எடு என்று உன்னிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. மூன்று வருஷச் சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன்.

ஜெயித்த கணக்கை இன்னொரு தடவை சரிபார்ப்பது என் தொழில் வழக்கம். அப்போதுதான் தேங்காய் கண்ணில் பட்டது. வண்டி ஒவ்வொரு தடவை வொர்க்‌ஷாப்பிலிருந்து வெளியே வந்ததும், அடுத்த லோடு ஏற்றுவதற்கு முன்னால் பழவங்காடிப் பிள்ளையாருக்கு நீ ஒரு தேங்காய் அடிப்பாய். அதையும் செலவில் எழுதியிருக்கிறாய். தேங்காய் இப்போது விற்கிற விலைக்கு அது எழுத வேண்டிய செலவுதான். மூன்று வருஷத்தில் பதினான்கு தேங்காய். ஆக, வண்டி படுத்தது பதினான்கு தடவை. அதிலும் பல தடவை ஞாயிற்றுக்கிழமையோடு வேலை முடிந்திருக்கிறது. வண்டி படுத்ததால் நீ இழந்த ஓட்டம் ஒன்பதுதான். அப்படியானால் மற்ற இருபத்தொன்பது நாள் வண்டி எங்கே இருந்தது? நல்ல வண்டியை வைத்துக்கொண்டு நீ எங்கே போனாய்? உனக்குக் கல்யாணம் நிச்சயமாகிற நேரம். எந்த அப்பனுக்கும் வருகிற சந்தேகமெல்லாம் எனக்கும் வந்தது, ஒளிப்பானேன்.

உன்னிடம் கேட்காமல் மணி மாமாவிடம் கேட்கப் போனேன். அம்மாவின் தம்பிக்கும் உனக்கும் ஒளிவுமறைவு கிடையாது என்பது தெரியும். நீ தேங்காய் வாங்குவதும் அவன் கடையில்தான். பழவங்காடியில் கூட்டம் குறைவான நேரம். மாமா தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். நான் நோட்டை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். அவன் நோட்டை வாங்கவில்லை.

"இதுக்கா அத்தான் இவ்வளவு தூரம் வந்திய? அதெல்லாம் மழ நாளாக்கும்."

"மழைன்னா?"

"மழ கனத்துதுன்னா அவன் வித்துராவில வண்டிய ஒதுக்கிருவான். கீழ உள்ள கடைக்காரனுக்குள்ளத எறக்கிட்டு, சாயா குடிச்சிட்டு, மேல ஏறாம திரும்பிருவான். சில நாளு இங்கேருந்தே புறப்பட மாட்டான். நீங்க சத்தம் போடுவியன்னு சாயங்காலம் வர எனக்க கடையிலதான் இருப்பான். கீழ எறக்கினத அடுத்த ஓட்டத்தோட சேத்து எழுதிட்டு, அன்னைக்கு ஓட்டமில்லாத்த நாளுன்னு நோட்டுல ஒண்ணும் எழுதாம விட்டிருப்பான்."

"அன்னைக்கு லோடு போகல்லன்னா வருமானம் போச்சே."

மாமா ஒரு தேங்காயை எடுத்து, காதருகே ஆட்டிப் பார்த்து, திரும்ப வைத்தான். இடது கையால்தான் எடுத்தான். அந்தக் கையில் இரண்டு விரல் மடங்காது, உனக்குத் தெரியும்.

"போனா போட்டும்னு நிக்கதுக்கு அவனுக்கு முடியும் அத்தான். அவனுக்கு டியூ இல்ல. அவன் நின்னான். நாம நிக்கல்ல."

இத்தனை வருஷத்தில் அந்த நாளைப் பற்றி அவன் என்னிடம் பேசியது அது ஒன்றுதான். கோபமாகச் சொல்லவில்லை. என்னை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது என்று தன்னையும் சேர்த்துக்கொண்டு சொன்னான். அவன் அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னவன்.

உனக்குத் தெரிந்த கதை இது. அப்பாவும் மாமாவும் பொன்முடியிலிருந்து டெம்போவில் இறங்கி வரும்போது, ஒன்பதாவது வளைவில் காட்டுப்பன்றி குறுக்கே சாடி வண்டியில் முட்டியது, அப்பா வண்டியை ஒடித்தார், வண்டி மண் திட்டில் போய் இடித்தது, மாமாவின் கை கதவுக்கும் திட்டுக்கும் நடுவில் மாட்டியது. சின்ன வயதில் இந்தக் கதையை நீ எத்தனை தடவை சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பாய். பன்றிக்கு எவ்வளவு பெரிய கொம்பு என்று ஒரு தடவை கேட்டாய். பன்றிக்குக் கொம்பு கிடையாது, அது பல் என்று திருத்தினேன். பன்றியே கிடையாது மக்கா. பல்லும் கிடையாது.

அன்றைக்குக் காலையிலிருந்து மழை. மறுநாள் எனக்கு டியூ கட்ட வேண்டிய நாள். கையில் பணம் இல்லை. மேலே லயத்துக் கடைகளில் சரக்கு இறக்கினால்தான் பழைய பாக்கி வசூலாகும், அதை வைத்துத்தான் டியூ கட்ட வேண்டும். அதற்கு முந்தின மாதமே ஒரு டியூ தவறியிருந்தது. பைனான்ஸ்காரன் வீட்டு வாசலில் வந்து நின்று பேசிவிட்டுப் போனதை அம்மா கேட்டுவிட்டாள். வித்துராவில் மாமா சொன்னான், "அத்தான், இன்னைக்கு மேல போகாண்டாம். ரோட்டுல வெள்ளம் ஓடுகு." உனக்கென்னடா தெரியும், டியூ நீயா கட்டப்போகிறாய் என்று கேட்டேன். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போது கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. மெதுவாகத்தான் வந்திருக்க வேண்டும். இருட்டுவதற்குள் கீழே போய்விட வேண்டும் என்ற அவசரத்தில் வேகமாக வந்தேன். ஒன்பதாவது வளைவில் பிரேக்கை மிதித்தேன், புது டயர், புது பிரேக், எல்லாம் சேர்ந்து வழுக்கிக்கொண்டு போயிற்று. திட்டுப் பக்கம் போனதால் இன்றைக்கு இந்தக் கடிதம் எழுதுகிறேன். மறுபக்கம் பள்ளம்.

ஆஸ்பத்திரியில் அம்மா ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்த மாமா சொன்னான், "பன்னி குறுக்க சாடிச்சு அக்கா." அவ்வளவுதான். அந்தப் பன்றியை நான் பிடித்துக்கொண்டேன். பஸ் டிரைவர் வேலைக்குத் தேர்வாகி உத்தரவுக்குக் காத்திருந்த பையன் அவன். அந்தக் கையைப் பார்த்து டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. டிரைவராக வேண்டியவன் எல்லார் வண்டிக்கும் தேங்காய் விற்கிறான். என் அவசரத்தால் வந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இன்றைக்குக் காலையில் அம்மாவிடம் சொன்னேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "பன்னி சாடின வண்டியில ஒரு பன்னி முடியாவது ஒட்டியிருக்காண்டாமா?" என்றாள். அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. ஆக, இந்த வீட்டில் பன்றியை நம்பினது நீ ஒருவன்தான். இப்போதும் ஒன்பதாவது வளைவில் நீ நீளமாக ஹாரன் அடிப்பாயாம், பன்றி வரும் என்று. மாமா சொன்னான். அதைக் கேட்டபோது எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மாமா கடையிலிருந்து வந்து நோட்டை மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். இந்தத் தடவை வேறு மாதிரி தெரிந்தது. ஜூனில் எடவப்பாதி மழை தொடங்குவதற்கு முந்தின இரண்டு வாரமும் நீ வழக்கத்தைவிட அதிகமாக அரிசியும் பருப்பும் மேலே கொண்டுபோயிருக்கிறாய். வருஷா வருஷம் அப்படித்தான். லயத்துக் கடைகளில் ஒரு வாரச் சரக்கு கூடுதலாக இருந்தால், நீ ஒரு ஓட்டம் போகாவிட்டாலும் அங்கே யார் வீட்டிலும் அடுப்பு அணையாது. ஐப்பசியில் வருகிற துலாமழைக்கு முன்னாலும் அதே. இதை உனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு இது தோன்றியதே இல்லை. இன்னொன்றும் பார்த்தேன். வண்டியின் சீட்டு கிழிந்து மூன்று வருஷமாகச் சாக்கு விரித்து உட்காருகிறாய், ஆனால் பிரேக் லைனிங்கைத் தேய்வதற்கு முன்பே மாற்றிவிடுகிறாய். முதல் தடவை பார்த்தபோது நான் அந்த வரிகளுக்கு எதிரில் சிவப்பு மையில் "வீண்?" என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். நோட்டில் அந்த இடங்கள் அசிங்கமாக இருக்கும், மன்னித்துவிடு.

உன்னை நினைத்து எனக்குப் பெருமையாக இருக்கிறது மக்கா. இதை நேரில் சொன்னால் நீ "சும்மா இருங்கப்பா" என்று எழுந்து போய்விடுவாய் என்பதால் இங்கே எழுதுகிறேன். மழையில் வண்டியை ஓட்டிக் காட்டுகிற ஆட்கள் நிறைய. பின்னால் நின்று ஹாரன் அடிக்கிறவனுக்கு வழிவிட்டுவிட்டு, லோடோடு ஒதுங்கி, ஒரு சாயா வாங்கி உட்காருவதற்குத்தான் மனசு கெட்டியாக இருக்க வேண்டும். அந்த முப்பத்தெட்டு நாளில் இருபத்தொன்பதை நான் நஷ்டத்தில் எழுதினேன். நீ அந்தப் பழைய வண்டியை வாங்கினதே அந்த இருபத்தொன்பது நாளுக்காகத்தான் என்று இப்போது புரிகிறது. யாருக்கும் மாதம் பிறந்தால் பதில் சொல்ல வேண்டாத வண்டி. இன்றைக்கு வேண்டாம் என்று நீ சொன்னால் சும்மா நிற்கிற வண்டி. நான் கேட்ட கேள்வியே தப்பு. பழைய வண்டி காசை மிச்சம் பிடிக்குமா என்றால், ஏதோ கொஞ்சம் பிடிக்கும், அதற்காக யாரும் இந்தத் துருவோடு மல்லுக்கட்ட வேண்டாம். எனக்கு மிச்சமானது நீ.

அதனால் என் முடிவு, நீ கேட்டபடி: புது வண்டி இப்போது வேண்டாம். முன்பணம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், மீதியை நீதான் கட்ட வேண்டும், மழை பெய்கிற மாதத்திலும் கட்ட வேண்டும். சொந்தப் பணம் முழுசாகச் சேர்ந்த பிறகு எடு. அதுவரை இந்த நீல மஞ்சள் வண்டியின் பிரேக்குக்கு என்ன செலவானாலும் யோசிக்காதே. சம்பந்தியிடம் நான் பேசிக்கொள்கிறேன். மதிப்புக் குறைவு என்று அவர் வருத்தப்பட்டால் இந்தப் பன்றிக் கதையை அவருக்கும் சொல்வேன். உனக்கு வரப்போகிற பெண்ணிடம் நீயே சொல். மழை நாளில் புருஷன் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவான் என்றால் அவள் வேண்டாம் என்று சொல்லமாட்டாள் என்று நினைக்கிறேன்.

இன்னும் ஒன்று கேட்கிறேன். அந்த நாளுக்குப் பிறகு நான் வித்துராவுக்கு மேலே போனதே இல்லை. வருகிற வியாழக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போ. மாமாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அன்றைக்கு ஒரு நாள் கடையை அடைத்துவிடுவானாம். கதவு ஓரத்தில் நான் உட்காருகிறேன், அவன் நடுவில் உட்காரட்டும். ஒன்பதாவது வளைவில் நீ வழக்கம்போல ஹாரன் அடி. மழை வந்தால், வித்துராவிலேயே மூன்று பேருமாக உட்கார்ந்து சாயா குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம்.

அப்பா